முதுகில் ஒரு பொட்டு

வீரம்மா எங்கள் மேசை மேல் முதலில் ஒரு ஆசிட் பாட்டிலை வைத்தாள். அதற்குப் பிறகுதான் போட்டோவை எடுத்தாள்.

எங்களிடம் வருகிறவர்கள் வழக்கமாக முதலில் அழுவார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, புருஷன் எங்கே போகிறான், பக்கத்து வீட்டுக்காரன் வேலியை எப்போது நகர்த்தினான் என்று விஷயத்துக்கு வருவார்கள். இவள் அழவில்லை. ஜெலாப்பாங் தொழிற்சாலைச் சீருடையோடு வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்டு," என்றாள். "தோட்டத்தை விட்டு வரும்போது எடுத்துட்டு வந்தேன். யார் மூஞ்சிக்குன்னும் தெரியும். அவன்தான்னு நீங்க ஒரு வார்த்தை உறுதியாச் சொல்லிட்டாப் போதும். மத்ததை நான் பாத்துக்குவேன்."

கஸ்பார் அண்ணன் பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பாட்டிலை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான் மங்களம். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், மலை நிழல் விழும் கடைவரிசையில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது கஸ்பார் துப்பறியும் நிலையம். அங்கே டைப் அடிப்பது, கோப்பி கலக்குவது, அண்ணனுக்கு மூளை நின்றுபோகும்போது சாவி கொடுப்பது ஆகிய மூன்றும் என் வேலை. சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்தான். அண்ணன் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை விசாரித்தவர். எரிந்த வீட்டை மோந்து பார்த்தே அது தானாக எரிந்ததா, ஆள் வைத்து எரிந்ததா என்று சொல்வார். ஆனால் வீட்டில் அடுப்பில் சோறு தீய்ந்தால் மட்டும் அவர் மூக்கு வேலை செய்யாது.

வீரம்மா கதையைச் சொன்னாள். எழுபத்தொன்பதில் நடந்தது. சித்தியவான் போகும் பாதையில் பன்னிரண்டாங்கட்டைத் தோட்டம். இன்று அந்தத் தோட்டம் இல்லை, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். அன்று அங்கே ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போடும் புகை வீடுகள் மூன்று இருந்தன. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் தோட்டத்துக் கோயிலில் ஒரு கல்யாணம். அன்று ராத்திரி ஒரு புகை வீடு எரிந்துபோனது. வெகு நாள் யாரும் பிடிபடவில்லை. பிறகு திடீரென்று ஒரு போட்டோ கிளம்பியது. அதில் வீரம்மாவின் புருஷன் உடையப்பன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

உடையப்பன் பால் வெட்டும் தொழிலாளி. ஸ்டோரிலிருந்து ஷீட்டுகள் காணாமல் போகின்றன என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவன். டின்னைத் தூக்கியது உண்மைதான், ஆனால் அது தீப்பிடித்து வெகு நாள் கழித்து, எரிந்த இடத்தைச் சுத்தம் பண்ண எடுத்து வரச் சொன்னார்கள் என்று கோர்ட்டில் சொன்னான். படம் எடுத்த ஆளை அவன் பார்க்கவே இல்லை. எங்கோ தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவன் பேச்சு எடுபடவில்லை. சிறைக்குப் போனான், காய்ச்சல் வந்தது, சவமாகத் திரும்பினான்.

"யார் மேல உங்களுக்குச் சந்தேகம்?" என்று அண்ணன் கேட்டார்.

"சந்தேகம் இல்ல. சாமி. போட்டோக்கார சாமி. கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவன்."

சாமியின் வாயிலிருந்தே அவள் கேட்டிருக்கிறாள். தீப்பிடித்த சில நாளில், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஸ்டோர் சுவரோரம் நடந்து வந்தபோது, உள்ளே சாமி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தானாம். எதிரில் இருந்த ஆள் தெரியவில்லை. சாமி வெளியே வந்ததைத்தான் பார்த்தாள். அவன் சொன்ன வார்த்தைகளை அன்றிலிருந்து மந்திரம் மாதிரி மனதில் வைத்திருக்கிறாள்.

"முதுகை மாத்தினதுல வேலை சுளுவா முடிஞ்சிருச்சு. மிச்சம் ரெண்டு இருக்கு. சுட்டுருங்க."

மூன்று புகை வீட்டில் ஒன்று எரிந்தது, மிச்சம் இரண்டு. சுட்டுருங்க என்றால் எரித்துவிடுங்கள் என்றுதானே அர்த்தம். இதை அவள் வக்கீலிடம் சொன்னாளாம். முதுகை எப்படியம்மா மாற்ற முடியும் என்று வக்கீல் சிரித்தாராம். வீரம்மா அந்தச் சிரிப்பையும் மறக்கவில்லை. அவள் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தால் வக்கீலுக்கும் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, அந்த முதுகு மனுசன் முதுகு இல்ல. கேமரா முதுகு."

பிறகு எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தார். கல்யாண வீடுகளில் சதுரப் படம் எடுக்கும் பெரிய கேமரா இருக்கிறதே, அதில் பிலிம் உடம்புக்குள் இருக்காது. பின்னால் தனிப் பெட்டியாக மாட்டியிருக்கும். ஈப்போ ஸ்டூடியோக்காரர்கள் அதை முதுகு என்றுதான் சொல்வார்கள். பழைய முதுகில் வெளிச்சம் கசிய ஆரம்பித்தால் உடம்பைத் தூக்கிப் போட வேண்டாம், புது முதுகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஒரே மாதிரிக் கேமரா வைத்திருக்கும் இரண்டு பேர் முதுகை இரவலும் கொடுத்துக்கொள்வார்கள்.

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்கண்ணே," என்றேன். "டைப் அடிச்சு அடிச்சு பழைய முதுகு கசியுது."

அண்ணன் காதில் வாங்கவில்லை. முக்கியமான விஷயம் இனிமேல்தான் என்றார். பாதி எடுத்த பிலிமோடு, ஒரு தகட்டைச் சொருகி முதுகைக் கழற்றி வைத்துவிடலாம். ஒரு மாதம் பெட்டியில் கிடக்கட்டும். மறுபடி மாட்டினால் விட்ட இடத்திலிருந்து படம் ஓடும். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். மிச்சம் இரண்டு என்று சாமி சொன்னது புகை வீட்டை இல்லை, எடுக்காமல் விட்ட இரண்டு படத்தை. சுடுவது என்றால் அவர்கள் பாஷையில் படம் எடுப்பது.

வீரம்மா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. போட்டோவை நகர்த்தி வைத்தாள். வக்கீல் திருப்பிக் கொடுத்தது. ஒரே தாளில் பன்னிரண்டு சதுரப் படம், நம்பர் வரிசை தப்பாமல். முதல் பத்தும் கல்யாணம். பதினொன்று, கலங்கலாக உடையப்பன். பன்னிரண்டு, தெளிவாக உடையப்பன், வலது கையில் டின். ஒரே ரோல், வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, அதனால் ஒரே நாள் என்று கோர்ட் கணக்குப் போட்டுவிட்டது.

"பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல நாள் போயிருக்கு," என்றார் அண்ணன். "எனக்குத் தெரியுது. ஆனா நாள் போனதுக்குப் பிலிம்ல என்ன அடையாளம் இருக்கும்?"

அண்ணன் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் டின்னைத்தான் பார்த்திருப்பார்கள். எனக்குப் பிறவிக் குணம் ஒன்று உண்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தைப் பார்க்க மாட்டேன். நான் உடையப்பனின் காலைப் பார்த்தேன். படத்தின் கீழ் விளிம்பில், நட்ட நடுவில், எலி கடித்த மாதிரி ஒரு கறுப்பு. பதினொன்றிலும் இருந்தது. மாப்பிள்ளை காலடியிலோ பெண் காலடியிலோ இல்லை. முதல் பத்துப் படத்திலும் இல்லவே இல்லை.

அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பிலிமுக்கு முன்னாலிருக்கும் சதுர ஜன்னலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தை மறைத்திருக்கிறது என்றார். கேமரா உலகத்தைத் தலைகீழாகப் பார்ப்பதால் படத்தில் கீழே தெரிவது ஜன்னலில் மேலே இருக்கும். ஆக, பத்தாவது படத்துக்குப் பிறகு யாரோ முதுகின் மேல் விளிம்பில், சரியாக நடுவில், உருண்டையாக எதையோ ஒட்டியிருக்கிறார்கள்.

"மேலே, நடுவில, உருண்டையா," என்று சொல்லிப் பார்த்தேன். தலையைத் திருப்பினேன். மறுநாள் ஆயுத பூஜை. அதற்காக என் டைப்ரைட்டரைத் துடைத்துப் பாதியில் வைத்திருந்தேன். அதன் நெற்றியில், துடைத்தும் போகாமல், போன வருஷத்துச் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அண்ணே, நீங்க வேதக்காரர், மாதா கோயில் ஆளு, உங்களுக்குத் தோணாது. இது பொட்டுலா. ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கும் சம்பளம் கிடையாது. கல்யாணம் ஆவணியில், பூஜை புரட்டாசியில். தகடு சொருகி வைத்த முதுகுக்குப் பூஜையில் பொட்டு வைத்திருக்கிறார்கள். தகட்டை உருவியபோது விளிம்பில் ஒட்டிய சந்தனம் அங்கேயே தங்கி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது. தீயும் டின்னும் ஒரே நாள் இல்லை. உடையப்பன் சொன்னதுதான் உண்மை.

வீரம்மா அந்தக் கறுப்பு மேல் விரலை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை.

"அப்ப சாமி பொய்யன்தான்," என்றாள். "எனக்கு இது போதும்."

போதாது என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். முதலில் அந்த முதுகைக் கண்ணால் பார்க்க வேண்டும், நாளைக்கே சித்தியவான் போகலாம், நீயும் வா என்று அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். எனக்கு அவளைச் சமாதானப்படுத்த மனம் வரவில்லை. என் அப்பா அம்மாவும் தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு அனுப்பப்பட்டவர்கள்தான். அவர்களுக்கு அடிக்க ஒரு முகம் கூட அகப்படவில்லை.

காலையில் அண்ணனின் மோரிஸ் காரில் போனோம். வழியெல்லாம் லாரிகள் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றன. பின் சீட்டில் வீரம்மா பையை மடியில் வைத்து வாய் திறக்காமல் வந்தாள். எங்கள் டிராயர் பூட்டைக் கொண்டை ஊசியால் திறந்துவிடலாம் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைத்தெருக் கோடியில் சாமி ஸ்டூடியோ. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வேளாங்கண்ணி மாதா படம், அதன் முன்னால் மின்சார மெழுகுவர்த்தி. கேமரா ஸ்டாண்டில் ஒரு செபமாலை தொங்கியது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் செபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி ஒல்லியான மனிதர், கண்ணாடிக்குள் கண் சின்னதாகத் தெரிந்தது. முழுப்பெயர் என்ன என்று அண்ணன் கேட்டார்.

"சவரிநாதன். சாமியார் படிப்புக்குப் போயிட்டு பாதியில ஓடி வந்தவன். படிப்பு என்னை விட்டுருச்சு, ஊரு சாமியை விடலை."

என் பொட்டுக் கணக்கு கவிழ்ந்தது. ஊர் முழுக்கச் சாமி சாமி என்றதும் நாங்கள் ஏதோ ஒரு முனுசாமி, வேலுசாமி என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். கோர்ட்டில் பேசியதெல்லாம் மலாயும் இங்கிலீஷும். வீரம்மா கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் அவர் பெயர் இப்போதுதான் தெரிந்தது.

"ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குப் பொட்டு வப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நான் வேதக்காரன்லா. புது வருசப் பூசைக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளிச்சிட்டு வருவேன். அதோட சரி."

அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு வாடை வந்தது. திரும்பினேன். வீரம்மாவின் கையில் பாட்டில், மூடி இல்லை.

அவள் முன்னால் வந்தாள். சவரிநாதன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அண்ணன் நடுவில் நிற்கவில்லை, தடுக்கவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே மெதுவாகப் பேசினார்.

"தங்கச்சி, ஊத்துறதுக்கு முன்னாடி அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லு. சாமி என்ன சொன்னாரு? சுட்டுடுறேன்னாரா, சுட்டுருங்கன்னாரா?"

"சுட்டுருங்க."

"சுட்டுருங்கன்னா, சுடப்போறது யாரு? எதிர்ல நின்ன ஆள். அதுவும் மரியாதை குடுக்க வேண்டிய ஆள். முதுகு அன்னைக்கு அந்த ஆள் கைக்குப் போயிருச்சு. சாமி, அந்த முதுகு யாரோடது?"

சவரிநாதனின் பார்வை பாட்டிலை விட்டு நகரவில்லை. "கிராணியாரோடது," என்றார். "கார்த்திகேசு கிராணியார்."

தோட்டத்து ஆபீசின் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர்; காணாமல் போன ஷீட்டுகளின் கணக்கும் அவர் கையில்தான். அவருக்குப் படம் எடுப்பதில் பைத்தியம், சவரிநாதனிடம் இருப்பது போலவே ஒரு கேமரா வைத்திருந்தார். முதுகு பழசாகிவிட்டதென்று சிங்கப்பூரிலிருந்து புதிதாக ஒன்று தருவித்தார். கல்யாணத்தன்று சவரிநாதனின் முதுகு கசிந்தது. கிராணியாரின் புது முதுகை இரவல் வாங்கி மாட்டினார், வேலை சுளுவாக முடிந்தது. சில நாள் கழித்துப் பிலிமோடு திருப்பிக் கொடுத்து, மிச்சம் இரண்டை நீங்களே சுட்டுவிட்டுக் கொடுங்கள், கழுவித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். கிராணியார் அந்த இரண்டையும் சுட்டார். கல்யாண வீட்டார் கடைசி ரோலுக்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து அவரைத் திட்டித் தீர்த்தார்களாம்.

"இதைக் கோர்ட்டுல சொன்னீங்களா?" என்றாள் வீரம்மா.

"இது உங்க பிலிமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். நீங்க கழுவினதான்னாங்க, ஆமான்னேன். யார் எடுத்ததுன்னு யாருமே கேக்கலம்மா. என் பொழப்பு தோட்டத்துக் கல்யாணம். கிராணியார் கேட்டை மூடினா நான் எங்க போவேன்?"

"என் புருசன் கூண்டுல நின்னுக்கிட்டு உங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தாராம். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு."

சவரிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர் மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. பொய் சொல்கிறவனையாவது ஒரு கணக்கில் சேர்க்கலாம். கேட்டால் மட்டும் உண்மை சொல்கிறவனை எதில் சேர்ப்பது?

அந்தக் கறுப்பை அண்ணன் தாளில் காட்டிக் கேட்டதும், அது இப்போதும் வருகிறது என்றார் சவரிநாதன். கிராணியார் வேலையிலிருந்து நின்று குனோங் ராபாட்டில் வீடு வாங்கிவிட்டார். கோயில் கமிட்டித் தலைவர். வருஷா வருஷம் பூஜையில் முதுகுக்குப் பொட்டு மேல் பொட்டு வைத்து, விஜயதசமி காலையில் வாசலுக்கு வரும் முதல் சுமங்கலியை ஒரு படம் எடுப்பார். அப்படி எடுத்தால் ஆகி வருமாம். கழுவ இவரிடம்தான் வரும்.

"கீழே கறுப்பு விழுது, துடைச்சிருங்கன்னு நானும் சொல்லிட்டேன். சாமிக்கு வச்ச பொட்டை அழிக்கக் கூடாதும்பாரு."

வீரம்மா அதைக் கேட்டாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபம் வந்திருந்தால் புரிந்திருக்கும். அவள் மெல்லச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாட்டிலை மூடினாள்.

"வீட்டைக் காட்டுங்க. இப்பவே போலாம்."

"போலாம்," என்றார் அண்ணன். "போய் ஊத்தலாம். நாளைக்கு அவர் ஆஸ்பத்திரியில படுத்திருப்பாரு, ஊரே பழம் வாங்கிட்டுப் போய்ப் பாக்கும். நீ உள்ள இருப்ப. உடையப்பன் தீ வச்சான், பொண்டாட்டி ஆசிட் ஊத்தினாள்னு பேசுவாங்க. அதுக்கா இவ்வளவு காலம் காத்திருந்த?"

அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள். "அவர் என் முன்னாடி தலை குனியணும். நடக்குமா?"

"அந்தக் கேமராவை மேலே இருந்து குனிஞ்சுதான் பாக்கணும்," என்றார் அண்ணன். "நாளைக்கு விஜயதசமி."

கிளம்பும்போது சவரிநாதன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். பிலிம் கழுவும்போது மருந்தின் வேகத்தை நிறுத்த இந்த மாதிரி ஒரு ஆசிட்தான் ஊற்ற வேண்டும், திருவிழா வேலையில் அவரிடம் தீர்ந்துவிட்டது, கடையும் லீவு என்றார். வாயை மூடிக்கொண்டு காரில் ஏறுங்கள் என்று நான் சொன்னேன்.

மறுநாள் காலையில் வீரம்மா எங்கள் ஆபீசுக்கு அரக்குச் சேலையில் வந்தாள். தலையில் மல்லிகை. தோளில் பெரிய பை, கையில் குங்குமச் சிமிழ். அதை என்னிடம் நீட்டினாள்.

"நீ வச்சு விடு. எனக்குக் கை வராது."

நான் வைத்தேன். என் வாயிலிருந்து ஒரு கிண்டல் கூட வரவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். புறப்படும் முன் டிராயரைத் திறந்து பார்த்தேன், முந்தின நாள் மறுபடி பூட்டி வைத்த பாட்டில் மறுபடி இல்லை. சொல்வதற்குள் எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள்.

கார்த்திகேசுவின் வீடு இரண்டு தெரு தள்ளி, மலையைப் பார்த்த வரிசை வீடு. அண்ணனும் அவருடைய பழைய கூட்டாளி இன்ஸ்பெக்டர் பிச்சைமுத்துவும் கேட்டுக்கு வெளியே காரில் இருந்தார்கள். சவரிநாதன் எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துப்போனார். கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்தேன், முதல் படத்துக்கு லட்சணமாக இருப்பார்கள் என்று கூட்டி வந்தேன் என்றார். பொய் அவருக்குச் சரளமாக வரவில்லை. ஆனால் இந்த முறை யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

கார்த்திகேசு வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. வீரம்மாவை நேராகப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. தோட்டத்தில் அவள் தலையில் துணி கட்டிய நூறு பேரில் ஒருத்தி.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. அந்தத் தூணுக்குப் பக்கத்திலை நில்லுங்கோ."

பூஜை மேடையிலிருந்து கேமராவை எடுத்து வந்தார். முதுகின் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வருஷக் கணக்கில் ஏறித் தடித்திருந்தன. முதுகை மாட்டினார், தகட்டை உருவினார், கேமராவை வயிற்றோடு அணைத்து மேலேயிருக்கும் மூடியைத் திறந்தார். பிறகு குனிந்தார்.

வீரம்மா பைக்குள் கையை விட்டாள்.

பாட்டில்தான் வரப்போகிறது. நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவள் ஊற்றினால் ஊற்றட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அவள் எடுத்தது பாட்டில் இல்லை. ஒரு மண்ணெண்ணெய் டின், காலி டின். அதை வலது கையில் தொங்கவிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, பன்னிரண்டாம் படத்தில் உடையப்பன் நின்றபடியே நின்றாள்.

குனிந்த தலை அப்படியே நின்றது. விரல் தன்னால் பொத்தானை அழுத்த, கேமரா டப் என்றது. படம் எடுத்தாகிவிட்டது.

"தலையைத் தூக்காதீங்க கிராணியாரே," என்றாள் வீரம்மா. "இன்னும் கொஞ்சம் குனிஞ்சே இருங்க. நான் உடையப்பன் பொண்டாட்டி. கல்யாணத்துக்கு இரவல் குடுத்த முதுகு, பூஜைக்கு நீங்க வச்ச பொட்டு, அதுக்கப்புறம் நீங்க எடுத்த என் புருசன். எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கேன். அந்தப் பொட்டு அவர் காலடியில விழுந்திருக்கு."

கார்த்திகேசு சவரிநாதனைப் பார்த்தார். சவரிநாதன் கண்ணை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகேசு கேமராவை வைத்துவிட்டு, யாரம்மா நீ, என்ன உளறுகிறாய் என்று கேட்டிருந்தால் கதை இழுத்திருக்கும். முதுகைத் திறந்து பிலிமை வெளிச்சத்தில் உருவியிருந்தாலும் அன்றைய படம் போயிருக்கும். ஆனால் பழகிய கை பழகியதைத்தான் செய்யும். பிலிமுக்கு வெளிச்சம் படக்கூடாதென்று முதலில் தகட்டைச் சொருகினார். பிறகு முதுகைக் கழற்றினார். வேட்டித் தலைப்பை எச்சிலில் நனைத்துப் பொட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கேட் திறந்தது. பிச்சைமுத்துவும் அண்ணனும் வாசலில் நின்றார்கள்.

"ஐயா," என்றார் இன்ஸ்பெக்டர், "சாமிக்கு வச்ச பொட்டுன்னு இத்தனை வருசம் தொடவே மாட்டீங்களாமே. இப்ப எதுக்கு அழிக்கிறீங்க?"

கார்த்திகேசுவின் கை நின்றது.

"அழிக்கட்டும்யா," என்றாள் வீரம்மா. "அழிக்கிறது அவருக்குப் பழக்கந்தான். என் பொட்டை அழிச்சாரு. இப்ப அவர் பொட்டையும் அவரே அழிக்கிறதைக் கண்ணாலே பாத்துட்டேன். ஆனா கிராணியாரே, அந்தப் பொட்டு இப்பத்தான் இன்னொரு தடவை பிலிமுக்குள்ள விழுந்துச்சு, என் காலடியில. பிலிமுக்கு ஒண்ணும் ஆகாம நீங்களே பத்திரமா மூடிட்டீங்க."

அண்ணன் போய் அவர் கையிலிருந்து முதுகை வாங்கி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். கார்த்திகேசு விடாமல் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை.

வீரம்மா மறுபடி பைக்குள் கையை விட்டாள். இந்த முறை பாட்டில்தான் வந்தது. கார்த்திகேசு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தூணோரம் உட்கார்ந்துவிட்டார்.

அவள் அவரைக் கடந்து போய் பாட்டிலை சவரிநாதனிடம் நீட்டினாள்.

"கழுவ ஆசிட்டு தீந்துபோச்சுன்னீங்களே, சாமி. இந்தாங்க. இன்ஸ்பெக்டர் முன்னாடி கழுவுங்க, நானும் நின்னு பாக்கணும்."

நாங்கள் கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கார்த்திகேசு இன்னும் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.